கப்பலில் இருந்த இருபது வருடங்கள்

8 ஜூலை 2025, செவ்வாய்

காலையில் ஒரு லோரியின் பின் டயர், இரண்டு மைவி கார், ஒரு பள்ளிக்கூட வேன். மதியத்திலிருந்து மழை. மழை பிடித்துவிட்டால் டயர் கடையில் எல்லோரும் உட்கார்ந்து தேத்தண்ணீர் குடிப்பார்கள். நான் நின்றுகொண்டே குடித்தேன். முதலாளி ஆ லியோங், "தர்மா, டுடோக் லா" என்று நாற்காலியைக் காட்டினார். உட்கார்ந்தேன். யாராவது சொன்னால்தான் இன்னும் உட்கார வருகிறது. வெளியே வந்து பதினோரு மாதம் ஆகிறது.

வீட்டுக்குத் திரும்பும்போது எதிர்வீட்டு மாரியம்மா அக்கா வேலியோரம் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, கப்பல்ல இருந்தப்ப ஜப்பானெல்லாம் போயிருக்கீங்களாமே? என் மவன் டிசம்பர்ல போறான். ரொம்ப குளிரா?"

"குளிருதான் அக்கா. தடிச்ச சட்டையா எடுத்துக்கச் சொல்லுங்க."

ஜப்பான்! நான் இருந்த அறையில் ஐந்து எட்டு வைத்தால் சுவர் வந்துவிடும்.

கப்பல் கதை என் தங்கை பிரமிளா கட்டியது. 2004-இல் என்னைப் பிடித்தபோது எனக்கு இருபத்து நான்கு, அவளுக்கு இருபது. பையில் கஞ்சா, தீர்ப்பில் தூக்கு. கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளை தனேஸ்வரனிடம் மட்டும் உண்மையைச் சொன்னாளாம். மாமியார் வீடு, இந்தத் தாமான் குடியிருப்பு, அவள் பெற்ற பெண் யுவாஷினி — மற்ற எல்லோருக்கும் அண்ணன் கப்பலில் வேலை. இப்போது குனோங் ராபாட்டில், மலையடியில், அவள் வீட்டு மாடியில் எனக்கு ஓர் அறை இருக்கிறது. கீழே போனால் இருபது வருடக் கடலைப் பற்றிக் கேட்பார்கள்.

9 ஜூலை, புதன்

இன்றும் கதவின் முன்னால் நின்றுவிட்டேன், யாரோ வந்து திறக்கட்டும் என்று. யுவா பின்னால் வந்து, "மாமா, லாக் பண்ணலயே" என்றாள்.

20 ஜூலை, ஞாயிறு

மாப்பிள்ளை காரில் தோட்டத்துக்குக் கூட்டிப்போனார். சுங்கை சிப்புட்டைத் தாண்டி உள்ளே, நானும் பிரமிளாவும் பிறந்த இடம். ரப்பர் ஒரு மரம்கூட இல்லை. ஒரு பக்கம் செம்பனை, லயத்து வீடுகள் இருந்த பக்கம் மண்ணைச் சமன்செய்து வேலி போட்டிருக்கிறார்கள், வீட்டுமனைக்கு. நான் அழுவேன் என்று நினைத்தாரோ என்னவோ, மாப்பிள்ளை காரைவிட்டு இறங்கவில்லை. எனக்கு அழுகை வரவில்லை. இங்கிருந்துதான் அம்மா மாதம் ஒரு தடவை இரண்டு பஸ் மாறி என்னைப் பார்க்கச் சிறைக்கு வருவாள் என்பது மட்டும் நினைவுக்கு வந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, யாருக்குக் கல்யாணம், யார் டவுனுக்குப் போய்விட்டார்கள் என்று நிறுத்தாமல் சொல்லுவாள். என்னைப் பேசவிட்டால் நான் ஏதாவது சொல்லிவிடுவேன் என்று பயம். 2016 ஏப்ரலில் பிரமிளா மட்டும் வந்தாள். அவள் தொலைபேசியை எடுப்பதற்கு முன்னாலேயே அம்மா போய்விட்டாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

திரும்பும் வழியில் மாப்பிள்ளை திட்டத்தைச் சொன்னார்.

"ஜனவரிக்குள்ள லைசன்ஸ் எடுத்துடுங்க மச்சான். ஆ லியோங்கிட்ட நான் பேசுறேன், பெர்மனென்ட் பண்ணிடுவான். செம்மோர்ல ஒரு பொண்ணு இருக்கு, புருசன் இல்ல, நல்ல குணம். பிரமி பாத்து வச்சிருக்கா. ஒரு மனுசனுக்கு ஹாலா துஜு வேணும் லா. இல்லன்னா எங்கயாச்சும் போய் முட்டிக்குவான்."

ஹாலா துஜு. போகிற திசை. நல்ல மனிதர், என் நன்மைக்குத்தான் சொல்கிறார். ஆனால் பதினெட்டு வருடம் எனக்குத் திசை இருந்தது மாப்பிள்ளை. தாழ்வாரத்தின் கோடியில் ஒரு கதவு. எந்த மனிதனுக்கும் அவ்வளவு தெளிவான திசை இருந்திருக்காது.

இதை அவரிடம் சொல்லவில்லை. "சரி" என்றேன்.

2 ஆகஸ்ட், சனி

பக்கீர் முகம்மதைப் பற்றி எழுதிவிட வேண்டும்.

பக்கத்து அறை. கோலா கங்சார்க்காரர், என்னைவிட ஏழு வயது மூத்தவர். ஆறு வருடம் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தார். முகத்தைப் பார்த்தது பத்துத் தடவை இருக்குமா? குரல்தான் தெரியும். ஒருவரை அழைத்துப்போகும் வாரத்தில் எங்கள் வரிசையே பேசாது, இருமக்கூட யோசிப்போம். அப்படிப்பட்ட வாரங்களிலும் அவர் மட்டும் எதையாவது பேசிக்கொண்டிருப்பார். கறிக்கு எப்போது தேங்காய்ப்பால் ஊற்ற வேண்டும், எந்த மீன் முள் தொண்டையில் சிக்கினால் போகாது.

2013-இல் அவர் முறை வந்தது. கடைசி அறைக்கு மாற்றுவதற்கு முன்னால் சுவரில் வாயை வைத்துச் சொன்னார்: "தர்மா, நீ வெளிய போனா என் தங்கச்சி சக்கீனாவப் பாரு. அவ கல்யாணத்துக்கு நான் வராதது கோவத்துல இல்லன்னு சொல்லு. வாசல் வரைக்கும் வந்தேன். தெருவுல போலீஸ் காடி நின்னுச்சு. திரும்பிட்டேன். சொல்லுவியா?"

சொல்லுவேன் என்றேன். நான் வெளியே போவேன் என்று அவருக்கு யார் சொன்னது? எனக்கும் அதே கதவுதானே. ஆனாலும் சொன்னேன்.

அன்றிலிருந்து அந்த நாலு வரியைத் தினமும் ஒரு தடவை சொல்லிப்பார்ப்பேன். மறந்துவிடக்கூடாதே. சட்டம் மாறி, போன வருடம் மரண தண்டனையை எடுத்துவிட்டு முப்பது வருடம் என்று நீதிபதி படித்தபோது, நன்னடத்தைக் கழிவு போக நான் ஏற்கெனவே அதை முடித்துவிட்டேன் என்று வக்கீல் காதில் சொன்னபோது, எனக்கு முதலில் வந்தது சக்கீனா நினைவு. அம்மா இல்லை. பிரமிளா இல்லை. வெட்கமாக இருக்கிறது.

பதினோரு மாதமாக ஏன் போகவில்லை? சொல்லிவிட்டால் அப்புறம் என்ன இருக்கிறது என்ற பயம்தான்.

14 ஆகஸ்ட், வியாழன்

இன்று ஒரு காரியம் செய்தேன். எழுதவே கை கூசுகிறது.

கடையில் ஒரு வாடிக்கையாளர், மலாய்க்காரப் பெரியவர், சும்மா பேச்சுக்குக் கேட்டார், அடுத்த வருடம் இதே வேலைதானா என்று. அடுத்த வருடம். நெஞ்சுக்குள் யாரோ கையை விட்டுப் பிசைகிற மாதிரி. கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு நடந்தேன். எங்கே என்று யோசிக்கவில்லை. நின்ற இடம் போலீஸ் நிலையம்.

உள்ளே போய் ஒரு நாற்காலியை எடுத்துக் கண்ணாடியில் அடித்தால் போதும். மணி அடிக்கும், சோறு வரும், விளக்கை அவர்களே அணைப்பார்கள். நாளைக்கு என்ன என்று யாரும் கேட்க மாட்டார்கள். பெஞ்சில் உட்கார்ந்தேன் — யாரும் சொல்லாமல். ஒரு சின்ன வயசு போலீஸ்காரர், யுவாவைவிட ஐந்தாறு வயது பெரியவராக இருப்பார், "நாக் அப்பா, பாங்?" என்று கேட்டார். என்ன வேண்டும் அண்ணே என்று. அண்ணே என்று கூப்பிட்டுவிட்டார்.

"சாலா தெம்பாட்" என்று எழுந்துவிட்டேன். தப்பான இடம்.

எழுத வந்தாகிவிட்டது, இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். அந்தப் பையில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது என்று கோர்ட்டில் சொன்னேன். அம்மாவிடம் சொன்னேன். பிரமிளாவிடமும் சொன்னேன், அவள் இன்றுவரை நம்புகிறாள். எனக்குத் தெரியும். திறந்து பார்க்கவில்லை, ஆனால் தெரியும். தூக்கினப்பவே தெரியும்டா உனக்கு. தெரியாத மாதிரி தோள்ல போட்டுக்கிட்டுப் போன.

31 ஆகஸ்ட், ஞாயிறு

சுதந்திர தினம். தாமான் முழுக்கக் கொடி. மத்தியானம் வரை படுத்திருந்தேன்.

16 செப்டம்பர், செவ்வாய்

பொது விடுமுறை. கோலா கங்சாருக்கு பஸ் ஏறினேன். பிரமிளாவிடம் கோவிலுக்கு என்றேன்.

ஆற்றுக்குப் பக்கத்தில் குடும்பத்துச் சாப்பாட்டுக் கடை என்று பக்கீர் எப்போதோ சொன்னது. விசாரித்தால் இரண்டாவது ஆளே காட்டிவிட்டார். கல்லாவில் ஒரு பெண், நாற்பத்தைந்து இருக்கும், கண்ணாடியை முக்காட்டுக்குமேல் ஏற்றி வைத்திருந்தார். முகத்தை வைத்து அடையாளம் தெரியவில்லை, ஆர்டர் கொடுக்கும் குரலைக் கேட்டதும் தெரிந்துவிட்டது. சுவர் வழியாகக் கேட்ட அதே இழுப்பு.

"சக்கீனாம்மா?"

"ஆமா. நீங்க?"

"பக்கீர் பாயோட... பக்கத்து ரூம்ல இருந்தேன்."

கல்லாவை மூடினார். எழுந்து சமையல்கட்டுக்குப் பின்னால், அண்டாக்களைக் கழுவும் இடத்துக்கு என்னைக் கூட்டிப்போனார். அங்கே நின்றுகொண்டு நாலு வரியையும் சொன்னேன். ஒரு சொல் பிசகவில்லை. பன்னிரண்டு வருடப் பழக்கம் ஆயிற்றே.

அவர் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். பிறகு, "தெரியும் அண்ணே" என்றார்.

"தெரியுமா?"

"கடைசியா ஒரு தடவ எங்கள வரச்சொல்லிக் காட்டுனாங்கல்ல. அன்னிக்கு பக்கீர் நானாவே சொல்லிட்டாரு. ஒரு தடவ இல்ல, மூணு தடவ. போதும் நானா, வெளங்கிருச்சுன்னு சொன்னேன். அழுதுகிட்டே சிரிச்சுட்டோம் ரெண்டு பேரும்."

அண்டாவில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அவர் போய்க் குழாயை மூடினார்.

"இதச் சொல்றதுக்கா இத்தன வருசம் வச்சிருந்தீங்க?"

"ஆமா."

"அல்லா" என்றார். சோறும் கோழியும் பொட்டலம் கட்டிக் கையில் கொடுத்தார். பின்கதவு வரை வந்தார். "அண்ணே, தப்பா நெனக்காதீங்க. இனிமே இங்க வராதீங்க. எம் புள்ளைங்களுக்கு மாமா ஆக்சிடென்ட்ல மவுத்தாயிட்டாருன்னு சொல்லியிருக்கோம்."

நானும் எங்கள் வீட்டில் கப்பலில்தான் இருக்கிறேன் என்று சொல்ல நினைத்தேன். தலையை மட்டும் ஆட்டினேன்.

பஸ் நிலையத்தில், வீட்டுக்குப் போகும் ஈப்போ பஸ் வந்தது. ஏறவில்லை. பெஞ்சில் அந்தப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டேன். சாப்பிடும்போதே ஒன்று உறைத்தது: எனக்கு இனிமேல் யாரிடமும் சொல்ல வேண்டியது ஒன்றும் இல்லை. நான் போய்ச் சேர வேண்டிய இடம் என்று ஒன்று இந்தப் பேரா மாநிலத்தில் இல்லை. பயப்பட்டேன். அன்று போலீஸ் நிலையத்துக்கு நடக்கவைத்த அதே பயம்தான், வயிற்றிலிருந்து ஏறியது. நெஞ்சுக்கு வரும், பிசையும் என்று காத்திருந்தேன். வரவில்லை. கோழி நன்றாக இருந்தது.

அடுத்து வந்த பஸ்ஸில் ஏறினேன். நெற்றியில் எழுதியிருந்த ஊரைப் படிக்கவில்லை. லெங்கோங் என்று பிறகு தெரிந்தது. இறங்கி, ஒரு தெருவில் போய், இன்னொரு தெருவில் திரும்பி வந்தேன். இடது பக்கம் போகலாம் என்று தோன்றியது, போனேன். நடுவில் வேண்டாம் என்று தோன்றியது, நின்றேன். யாரும் அதட்டவில்லை. இப்படி ஒரு மணி நேரம்.

இதற்குப் பெயர் என்ன? சந்தோஷம் இல்லை. சந்தோஷம் எனக்குத் தெரியும், சின்ன வயதில் இருந்தது. இது வேறு. பக்கீர் செத்ததிலிருந்து முதுகில் இருந்த ஒன்றை யாரோ எப்போதோ எடுத்துவிட்டார்கள், நான் இன்றைக்குத்தான் தடவிப் பார்த்தேன்.

17 செப்டம்பர், புதன்

நேற்று இருட்டுவதற்குள் வந்துவிட்டேன். ஆனாலும் பிரமிளா வாசலில் நின்றிருந்தாள். போனைக் கையில் இறுக்கிப் பிடித்திருந்தாள். எந்தக் கோவில் என்று கேட்கவில்லை. சோற்றைப் போட்டுவிட்டு மேலே போய்விட்டாள்.

20 அக்டோபர், திங்கள்

தீபாவளி. எண்ணெய் தேய்த்துக் குளித்தது, புதுச் சட்டை, ஆ லியோங் குடும்பத்தோடு வந்து முறுக்கு சாப்பிட்டது எல்லாம் நடந்தது.

மத்தியானம் யுவா மாடிக்கு வந்தாள். போனை என்முன் நீட்டினாள். இருபது வருடத்துக்கு முந்தைய பத்திரிகைச் செய்தி, என் முழுப்பெயர், என் வயது.

"இது நீங்கதானே மாமா?"

"ஆமா."

"எனக்கு அஞ்சு வயசு பர்த்டேக்கு ஒரு பொம்மை வந்துச்சு. கிமோனோ போட்ட பொம்மை. மாமா ஜப்பான்லேர்ந்து அனுப்பினாருன்னு அம்மா சொன்னாங்க."

எனக்குத் தெரியாது. இப்போதுதான் கேட்கிறேன். பிரமிளா எங்கேயோ கடையில் தேடி வாங்கியிருக்கிறாள், என் பெயரை எழுதி.

"அது நான் அனுப்பல யுவா."

"தெரியும் லா!" கத்தினாள். அப்புறம் அழுதாள். ஜெயிலில் இருந்ததற்கு அவளுக்குக் கோபமில்லை. பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறாள், அதற்குத்தான். "நீங்க செஞ்சீங்களா?" என்று கேட்டாள். யாரும் இவ்வளவு நேராக என்னைக் கேட்டதில்லை, நீதிபதிகூட.

"செஞ்சேன்" என்றேன்.

கதவருகில் பிரமிளா நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. கையில் பலகாரத் தட்டு.

2 நவம்பர், ஞாயிறு

பன்னிரண்டு நாள் பிரமிளா என்னிடம் பேசவில்லை. இன்று நான்தான் பேச்சை எடுத்தேன். போகிறேன் என்று சொன்னேன்.

"எங்க போற?"

"தெரியாது."

"வேலை?"

"கிடைக்கிறது."

"எங்க தங்குவ?"

"தெரியல பிரமி."

வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியை வைத்தாள். "இந்த வீடு வாங்குறப்ப மாடியில ஒரு ரூம் வேணும்னு சண்ட போட்டேன் தெரியுமா? எங்கண்ணனுக்குன்னு. தூக்குல போடப் போறாங்கன்னு தெரியும். எல்லாருக்கும் தெரியும். இவரு ஒரு வார்த்த சொல்லல, வாங்கினாரு. பன்னெண்டு வருசம் அந்த ரூம கூட்டித் தொடச்சேன். நீ செய்யலன்னு நம்பிக்கிட்டுத் தொடச்சேன்."

அவள் எனக்காகப் பார்த்த வீட்டில் நான் இருந்தால் அவளுடைய காத்திருப்பு முடியும். ஆனால் தினமும் காலையில் அடுத்தது என்ன, அதற்கடுத்தது என்ன என்று யாரோ எனக்காக வரிசையாக அடுக்கி வைத்திருந்தால் என்னால் மூச்சுவிட முடியவில்லை. அன்பால் அடுக்கினாலும். அதை எப்படிச் சொல்வது? சொல்லிப் பார்த்தேன், தப்பாக வந்தது. "இங்கயும் உள்ள இருக்கிற மாதிரி இருக்கு" என்று வந்துவிட்டது.

அவள் முகம். அய்யோ, அந்த முகம்.

"போ. ஆனா போன் பண்ணாத. வருமா வருமான்னு போனையே பாத்துக்கிட்டு இருவது வருசம் ஓடிருச்சு எனக்கு. இனிமே முடியாது."

23 நவம்பர், ஞாயிறு

பழைய இரும்பு லோரிக்காரர் சீனி இந்த மாதம் மூன்று தடவை டயர் மாற்ற வந்தார். ஏற்றி இறக்க ஆள் இல்லை என்று ஒவ்வொரு தடவையும் புலம்பினார். எந்த ஊருக்கு என்று கேட்டேன். "காலையில எனக்கே தெரியாது லா. எவன் கூப்புடுறானோ அங்க." அது போதும் எனக்கு.

கிளம்பும்போது மாப்பிள்ளை தன் பழைய மழைச்சட்டையைக் கொடுத்தார். யுவா தன் பழைய போனைக் கொடுத்தாள், பரீட்சைப் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். பிரமிளா மேலே இருந்தாள். ஜன்னல் சாத்தியிருந்தது.

29 நவம்பர், சனி

பாரிட். பிறகு புருவாஸ். இரண்டு குளிர்ப்பெட்டி, ஒரு பழைய கட்டில், சைக்கிள் சட்டங்கள். கை கிழிந்தது. நேற்று எந்த ஊரில் படுத்தோம் என்று யோசிக்க வேண்டியிருந்தது. நல்லது.

11 டிசம்பர், வியாழன்

சீனியிடம் சொல்லிவிட்டேன். அவர் கேட்கவில்லை. பேச்சுவாக்கில் கப்பலா என்றார், எங்கேயோ கேள்விப்பட்டிருக்கிறார். இல்லை என்றேன், உண்மையைச் சொன்னேன்.

ஆயர் தாவார் முச்சந்தி வரை ஓட்டினார். ஓரமாக நிறுத்தினார். "தப்பா எடுத்துக்காத. வூட்டுல மூணும் பொம்பளப் புள்ளைங்க. என் பொண்டாட்டிக்குத் தெரிஞ்சா என்னைய வூட்டுக்குள்ள விடமாட்டா." என் பையை எடுத்துக் கீழே வைத்தார், எறியவில்லை. அதுவே பெரிது.

லோரி போன பிறகு ரொம்ப நேரம் அங்கேயே நின்றேன். இனி ஒவ்வொரு ஊரிலும் இப்படித்தான். தெரிந்ததும் இறக்கிவிடுவார்கள். அழுதேன், உண்மையைச் சொன்னால் என்ன. ரோட்டோரம் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன், ஒரு மோட்டார்காரர் வேகத்தைக் குறைத்துப் பார்த்துவிட்டுப் போனார்.

ஆனால் போலீஸ் நிலையம் நினைவுக்கு வரவில்லை. இதை எழுதும்போதுதான் கவனிக்கிறேன். தாமானும், மாடியறையும்கூட வரவில்லை. வலது பக்கச் சாலையில் மரநிழல் இருந்தது, அதனால் அந்தப் பக்கம் நடந்தேன்.

4 ஜனவரி 2026, ஞாயிறு

லூமுட். மூன்று வாரமாக மீன் கொட்டகையில் ஐஸ் அடிக்கிறேன். முதலாளியம்மாவிடம் முதல் நாளே சொல்லிவிட்டேன். "இப்ப எதையாச்சும் கடத்துறியா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்ப அந்த மூட்டையத் தூக்கு" என்றார். எத்தனை நாள் இருப்பேன் என்று அவர் கேட்கவில்லை, எனக்கும் தெரியாது. தண்ணீர் மேல் ஒரு பலகை அறை. கொட்டகை ஆட்கள் சிலர் என்னோடு உட்கார்ந்து சாப்பிட மாட்டார்கள். அது அப்படித்தான்.

இன்று வேலையில்லை. மத்தியானம் நானே சமைத்தேன். தட்டில் போட்டு உட்கார்ந்தபோது போன் அடித்தது. யுவா என்று நினைத்து எடுத்தேன். மூச்சு மட்டும் கேட்டது. மூச்சிலேயே தெரிந்தது, பிரமிளா.

"என்ன சாப்பிட்ட?"

"இப்பதான் உக்காந்தேன். சோறு, பொரிச்ச நெத்திலி, கங்கோங் கீரை."

"யாரு ஆக்குனா?"

"நான்தான்."

பின்னால் குக்கர் சத்தம், யுவா யாரோடோ பேசும் சத்தம். அவள் போனை வைக்கவில்லை.

"உப்பு ஒழுங்கா போட்டியா?"

"கீரையில கொஞ்சம் கூடிருச்சு."

"தண்ணி விட்டுக் கொதிக்க வை. நெத்திலிய மொதல்லயே ஊறப் போடணும்."

"சரி."

"வைக்கிறேன்."

எங்கே இருக்கிறாய் என்று கேட்கவில்லை. எப்போது வருவாய் என்றும் கேட்கவில்லை.

கீரையில் தண்ணீர் விட்டுக் கொதிக்க வைத்தேன். சட்டியில் இருந்த சோறு முழுவதையும் போட்டுச் சாப்பிட்டேன்.